வைக்கோல் சுணை

துணியின் தையல் பட்டாலே என் ஆறு வயது மகளுக்கு உடம்பு பற்றி எரியும். தன் அப்பாவின் பழைய பனியனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால்தான் அடங்குவாள். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று அப்போது எங்கள் நன்னிலத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார், லேஸ் வைத்த நைலான் கவுனை அவளுக்கு அமுக்கிப் பிடித்து மாட்டினார். அவள் அலறிக் கிழித்தெறிந்தாள். உறவுக்காரர்கள் எதிரிலேயே நாத்தனார் அவள் தொடையில் கிள்ளினார்.

"எல்லாப் பிள்ளைங்களும் போடுதுல்ல? இதுக்கு மட்டும் என்னவாம்? வளர்ப்பு சரியில்ல."

நான் நேரே கொல்லைக்குப் போனேன். வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடி உருவினேன். மறுநாள் கல்யாணத்துக்கென்று நாத்தனார் எடுத்து வைத்திருந்த பட்டு ரவிக்கையின் உள்பக்கம் ஆசை தீரத் தேய்த்தேன். அந்தச் சுணை பட்டால் களத்தில் பழகியவர்களே சொறிந்து துடிப்பார்கள்.

திருக்கடையூரில் மாலை மாற்றும்போதே நாத்தனார் நெளிய ஆரம்பித்தார். கண்ணில் நீரோடு என்னை ஓரமாக இழுத்தார்.

"என்னமோ அரிக்குதும்மா, உயிர் போவுது."

இதற்காகத்தானே காத்திருந்தேன்!

"எல்லாரும்தான் பட்டு கட்டியிருக்காங்க அண்ணி. உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் கையை விட்டாள். என்னைவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

சுணை தேய்த்ததற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லை என் வாயிலிருந்தும் அவள் கேட்டுவிட்டாளே, அதற்கு யாரைப் பழிவாங்குவது?