மிஸ் விரித்த பாய்

பன்புல்லில் இழைத்த அந்தப் பாயின் ஒரு மூலை கருகியிருக்கும். வெல்லாவெளியில் பீரங்கிச் செல் விழுந்து வீடு எரிந்தபோது ஓர் அக்கா இழுத்தெடுத்து, தலையில் சுமந்து வந்த பாய் அது. களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் அதை விரித்து, கருகிய மூலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இரிங்க மிஸ்" என்றார். வந்தவருக்கு நல்ல பக்கம். அது எங்கள் வழக்கம்.

மிஸ், சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்க வந்த வெளிநாட்டு என்ஜினியர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். ஏசி வீடு, வெள்ளை வாகனம், மாதம் தவறாத லீவு. சனங்கள் கூடாரத்தில் வெந்துகொண்டிருக்க இதென்ன சீவியம் என்று எனக்குள் பொருமல்தான். மனுசி அதைக் கண்டுகொண்டார். தனக்கு இது வேலை, எனக்கு இது ஊர், அந்த வித்தியாசம் தனக்கும் தெரியும் என்றார். அதோடு என் பொருமல் அடங்கியது. மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊருலகம் சொல்லுமே, முகாம் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அவரைச் சீண்டுவார்கள். கதிரை போட்டாலும் அவர் பாயைத்தான் தேடுவார்.

வெல்லாவெளி இருக்கிற படுவான்கரையில் சண்டை முற்றியதும் வெளிநாட்டார் உடனே வெளியேற வேண்டும் என்று அவருடைய தலைமையகம் சொல்லிவிட்டது. முகாமுக்குத் தண்ணீர்க் குழாய் பாதியில் கிடந்தது. "எனக்கு வாகனம் வந்திட்டு. இவங்களுக்கு ஆர் அனுப்புற?" என்று அரைகுறைத் தமிழில் என்னைக் கேட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று நின்று, குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் வாகனத்தில் ஏறினார். அந்த அக்கா பாயைச் சுருட்டி உள்ளே திணித்தார்.

"ஒட்டல்லயே மிஸ். கொண்டு போங்க."

போர் முடிந்தது. எனக்கு ஊரில் இருக்க முடியாமல் போனது. சுற்றி வளைத்து, கடைசியில் அவருடைய நாட்டில்தான் போய் இறங்கினேன். எங்கள் ஊரில் அவர் நிபுணர். அவருடைய ஊரில் நான் அகதி. கைரேகை, வரிசை, வேலை செய்யத் தடை. அவரை வரவேற்க ஊரே திரண்டது. என்னை வா என்று சொல்ல ஒரு குருவிகூட இல்லை. விலாசம் தேடிப் பிடித்து, ரயிலேறி அவர் என் அறைக்கு வந்தார். கக்கத்தில் சுருட்டிய பாய். இருந்த ஒரே கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதைத் தரையில் விரித்தார்.

"இரி மனே," என்றார், எங்கள் ஊர் அம்மாமார் மகனைக் கூப்பிடும் விதத்தில்.

இருந்தேன். கருகிய மூலை அவர் பக்கம் இருந்தது.