தாகம் எடுக்காத குளிர்

இலங்கையில் வட்டகொடைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். மலையில் பெண்கள் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் முன்பெல்லாம் வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். குளிரில் தாகமும் எடுக்காது.

ஒருநாள் உட்கார்ந்திருந்தவள் கூடையோடு எழுந்ததும் கண் இருட்டியது. கீழே பாறைச் சரிவு. பக்கத்தில் நின்ற பார்வதி அக்கா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

"முழுகாம இருக்காளோ?" என்றாள் ஒருத்தி.

"உதட்டப் பாருங்க, வெடிச்சுக் கெடக்கு. இவ தண்ணியே குடிக்கல" என்றார் அக்கா.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவும் அதையே சொன்னார்: நீர் குறைந்த உடம்பு சட்டென்று எழுந்தால் தலைக்கு ரத்தம் ஏறாது, குளிரில் தாகத்தை நம்பக்கூடாது.

இப்போதெல்லாம் தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கிறேன். நான் ஒதுங்கும்போது, தன் கம்பளியை விரித்துப் பிடித்து அக்காதான் மறைவாக நிற்கிறார்.