பச்சை அட்டையில் ஆரம்பித்த அப்பா

எங்கள் வீட்டில் ஒரு ராணியால் சண்டை வந்தது. அவள் நாவலில் வருகிற ராணிதான். ஆனால் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்த குடியிருப்பில், அந்த வருடம் அவளைப் பற்றிப் பேசிய அளவுக்கு எம்.எல்.ஏ.வைப் பற்றிக்கூட யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா கார் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், வாரத்துக்கொரு ஷிஃப்ட். அம்மாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. பகல் ஷிஃப்ட் மட்டும். பாதி நாட்கள் இருவரும் வாசற்படியில்தான் சந்தித்துக்கொள்வார்கள். கேஸ் வந்துச்சா, தண்ணி புடிச்சியா, பொண்ணு சாப்ட்டாளா என்று மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். சண்டையே கிடையாது. சண்டை போடுவதற்கும் நேரம் வேண்டுமே! எங்கள் வீடு மாதிரி அமைதியான வீடு ஓசூரிலேயே இல்லை என்று பள்ளியில் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

குடியிருப்புச் சங்கத்தின் கட்டடத்தில் ஓர் அறையை வாசகசாலையாக வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் அதற்குச் செயலாளர். எல்லோரும் அவரைச் செயலாளர் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் அந்த நாவலை வாங்கிவந்தார். ஆயிரம் பக்கம் தாண்டும். கம்பெனி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் அதைத் தூக்கிப் படிப்பதென்றால் பயில்வானாக இருக்க வேண்டும். அதனால் மாமா தன் ஃபோர்மேன் மூளையைப் பயன்படுத்தி, பைண்டிங் கடையில் கொடுத்து அதை மூன்றாகப் பிரித்துவிட்டார். ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. ஒரே சமயத்தில் மூன்று வீடுகளுக்குப் போகும் என்று அவருக்கு அதில் ஒரே பெருமை.

நாவலை எழுதியவரும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று பகுதிகளுக்கும் ஒன்று, இரண்டு என்று எண் போடாமல் தனித்தனிப் பெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் பக்க எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தார். மலைமேல் ஒரு நகரம். அங்கே பனி விலகவே விலகாது. நகரத்துக்குள் ஒரு நகரம், அதற்குள் இன்னொன்று. யாராவது பொய் சொன்னால் நாக்கில்லாத ஒரு மணி தானாக ஆடும். ராணி ஊரிலுள்ள விளக்குகளையெல்லாம் பிடுங்கிப் பூட்டி வைத்திருப்பாள். ஏன் என்று கேட்டால் ஆசிரியர் வாயைத் திறக்க மாட்டார். ஈரக் கல்லின் வாசனையைப் பற்றி நான்கு பக்கம் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

குடியிருப்பு இரண்டாகப் பிரிந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பனி வருகிற பக்கங்களை இரண்டிரண்டு தடவை படித்தார். படித்தால் குளிருகிறது என்று சொல்லி, சித்திரை மாதத்தில் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கம்பெனியில் தரச் சோதனை செய்யும் குவாலிட்டி மாமாவோ முப்பதாவது பக்கத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போன இடமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அம்மா கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தாள். அப்பாவுக்கு நாவல் அறவே பிடிக்கவில்லை.

“இது என்ன கதை? ட்ராயிங் இல்லாம மெஷின்ல பார்ட் ஓட்டுற மாதிரி இருக்குது” என்றார். ஆனால் கீழே வைக்கவும் இல்லை. அடுத்தடுத்த பகுதிகளையும் எடுத்துவரச் சொல்லி என்னை வாசகசாலைக்கு விரட்டினார். படித்து முடித்துவிட்டு, “புக்கு வேஸ்ட்டு. ஆனா அந்த ராணி இருக்கா பாரு, அவளாட்டம் ஒரு மனுசி கெடையாது” என்று தீர்ப்புச் சொன்னார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “ஊரையே இருட்டுல தள்ளுனவ நல்லவளா உங்களுக்கு? என்னாங்க சொல்றீங்க நீங்க?”

அம்மாவுக்குப் புத்தகம் உயிர், ராணியைக் கண்டால் ஆகாது. அப்பாவுக்குப் புத்தகம் ஆகாது, ராணிதான் உயிர். இந்த வழக்கு சாப்பாட்டுத் தட்டில் தொடங்கி, அப்பா ஷூ லேஸ் கட்டும் வரை நடக்கும். ஒருநாள் அவர் பஸ் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக ஏதோ பதில் சொல்லிக்கொண்டே போனார்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் இப்படித்தான் சண்டை வளர்ந்து, அவளைக் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சண்டை என்றால் அதன் கடைசி ஸ்டாப் கிருஷ்ணகிரி என்று நான் முடிவே செய்திருந்தேன். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நாவல் முடியவில்லை. ராணி ஒற்றை விளக்கோடு பனிக்குள் நடந்துபோகிற இடத்தில் நிற்கிறது. மிச்சக் கதை இன்னொரு குண்டுப் புத்தகமாக வந்திருந்தது. அது வாசகசாலைக்கு வந்துவிட்டால் ராணி நல்லவளா கெட்டவளா என்று தெரிந்துவிடும். சண்டை தீர்ந்துவிடும். நான் ஓசூரிலேயே இருந்துவிடலாம்.

ஆனால் அதை வாங்குவதா, அதற்குப் பதிலாகப் போட்டித் தேர்வு கைடுகள் வாங்குவதா என்று பிரச்சினை எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். அம்மாவும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். அப்பா தன் ஷிஃப்ட் ஆட்களோடு கடைசியில் நின்றார். புத்தகம் வேண்டாம் என்றுதான் கை தூக்கப்போவதாக வீட்டிலேயே அறிவித்திருந்தார்.

குவாலிட்டி மாமா எழுந்தார். “படிச்ச நாலு பேருக்கும் என்ன கதைன்னு ஒண்ணுபோலச் சொல்லத் தெரியல. ஆளுக்கொரு கதை சொல்றாங்க. இத எப்படிங்க நல்ல புக்குன்னு பாஸ் பண்றது?” நல்ல கைதட்டல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அம்மா எழுந்து நின்றாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் இல்லை. “எனக்கும் முழுசாப் புரியலீங்க. கல்யாணமாகி சாமல்பட்டியில இருந்து வந்தப்ப இந்த ஊருந்தான் புரியல. பஸ்ல ஒருத்தங்க தெலுங்கு, ஒருத்தங்க கன்னடம். எந்த கேட்டுல எந்த கம்பெனின்னு யாரும் வெளக்கிச் சொல்லல. நடந்து நடந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த புக்கும் எனக்கு அப்படித்தான். புரியாமலே உள்ள நடந்து போறது நல்லா இருக்குது. ஆனா அந்த ராணி மட்டும்…”

“ராணிய ஒண்ணும் சொல்லாத!” என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

கூட்டம் முழுவதும் திரும்பியது. அவ்வளவுதான், எங்கள் சாப்பாட்டுத் தட்டுச் சண்டை சங்கத்து ஹாலில் ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் பிடுங்கியவள் என்று அம்மா. தன் உயிரைக் கொடுக்க ஒற்றை விளக்கோடு போனவள் என்று அப்பா. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. எப்படியாவது நிறுத்த வேண்டுமே என்று எழுந்து கத்தினேன். “அம்மா, அப்பா உன்ன மாதிரி இல்லம்மா, பச்சைல ஆரம்பிச்சாரு! அன்னிக்கு அதுதான் இருந்துச்சு, நாந்தான் எடுத்தாந்தேன்!”

செயலாளர் மாமாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “பச்சையா? பச்சை கடைசிப் பாகமாச்சே பாப்பா! செவப்பு, நீலம், பச்சை. அதுதானே வரிசை?”

“யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லவே இல்லியே!” என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் கேட்டார்கள். மாமா தன் மனசுக்குள்ளேயே வரிசை போட்டு வைத்துக்கொண்டு, ஊருக்கே தெரியும் என்று நினைத்திருக்கிறார். எதிர்வீட்டு ஆன்ட்டி, “ஹௌதா!” என்று கன்னடத்தில் வியந்து வாயில் கை வைத்தார். ஹால் அதிர்ந்தது. நான் நீலம், நான் பச்சை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாதிப் பேர் கதையை வாலிலிருந்து படித்திருந்தார்கள். படிக்கும்போது யாருக்கும் தெரியவில்லை, அப்படிப் படித்தாலும் அது ஒரு கதையாகத்தான் இருந்திருக்கிறது.

மாமா நிம்மதியாகச் சிரித்தார். “எல்லாம் என் தப்பு. வரிசையாப் படிச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். வரிசையாப் படிச்சவங்க யாரு?”

ஆன்ட்டியும் கேட் வாட்ச்மேனும் கை தூக்கினார்கள். ராணி பெற்ற தாய் மாதிரி என்றார் ஆன்ட்டி. சுத்தத் திருடி என்றார் வாட்ச்மேன். அடுத்த நிமிடம் அவர்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டது. ஹாலில் சிரிப்பு அடங்கவே இல்லை. நாவலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், “அந்தச் செவப்ப எங்கிட்ட குடுங்க, நான் பாத்துச் சொல்றேன்” என்று அலமாரிப் பக்கம் போனார்கள்.

யாரோ என்னைப் பார்த்து, “நீ சொல்லு பாப்பா, அப்பா சொல்றது சரியா, அம்மா சொல்றது சரியா?” என்று கேட்டார்கள். மாட்டிக்கொண்டேன். யாரைச் சொன்னாலும் கிருஷ்ணகிரி பஸ்தான்.

“அடுத்த புக்கு வந்தாத்தான் தெரியும்” என்றேன்.

அப்படி ஒரு கைதட்டலை என் வாழ்நாளில் நான் அதற்குப் பிறகு வாங்கியதில்லை. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். செயலாளர் மாமா அந்தச் சூட்டிலேயே, வாங்கலாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தார். கைகள் எழுந்தன. ஆனால் போதுமா போதாதா என்று சொல்ல முடியவில்லை. மாமா எண்ணி, தப்பிப்போய், மறுபடி எண்ணினார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, யாருக்கோ செய்கிற உபகாரம் மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். அதற்கப்புறம் எண்ணத் தேவையிருக்கவில்லை. குவாலிட்டி மாமாகூட, “சரி, அவ யாருன்னு நானும் பாத்துடறேன்” என்று கை தூக்கிவிட்டார். கைடுகளையும் அடுத்த மாதமே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், யாருக்கும் குறையில்லை.

ஜெயித்துவிட்டோம். திரும்பி வரும்போது நான் குதித்துக் குதித்து முன்னால் நடந்தேன். பின்னால் அம்மா கேட்டது காதில் விழுந்தது. “புடிக்காத புக்குக்கு எதுக்குக் கை தூக்குனீங்க?”

“ராணி நல்லவன்னு உனக்குக் காட்ட வேணாமா?”

“பாக்கலாம், பாக்கலாம். இப்ப செவப்புல இருந்து ஒழுங்காப் படிங்க மொதல்ல.”

“படிச்சாலும் அவ நல்லவதான்.”

எனக்குத் திக்கென்றது. இவ்வளவு பாடுபட்டும் சண்டை தீரவில்லையே! வீடு வந்துவிட்டது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். மறுநாள் அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். இருவரும் கேட் அருகே நின்றுகொண்டு, விளக்கைப் பற்றியும் பனியைப் பற்றியும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டேன். “வர்றோம், வர்றோம்” என்று ஒரே குரலில் சொன்னார்கள், வரவில்லை. இவர்கள் எப்போதுதான் சண்டையை நிறுத்துவார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எப்போதும் நிறுத்திவிடக் கூடாது என்றுதான் அப்பா கை தூக்கினார் என்பது பதினோரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?