முதலில் பிழைகளை எழுது

இருமல் மருந்துப் போத்தல் ஒன்று என் மேசையில், பிரதி எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புக் கண்ணாடி, வெள்ளை மூடி. உள்ளே ஒன்றும் இல்லை. சவர்க்காரம் போட்டுப் பலதரம் கழுவியும், மூடியைத் திறந்தால் பெற்றோல் மணக்கிறது. பாரிசின் லா சப்பலில் இருக்கும் என் கடை ஒரு ஆள் அகலம்தான். பத்திரம் நிரப்பவும் கடிதம் எழுதவும் வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே குனிந்துதான் நிற்கவேண்டும். அவர்களுடைய கண் போத்தலில் படுகிறது. "என்ன அன்ரி, இருமலோ?" என்று கேட்கிறார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய பத்திரத்தை இழுத்துக்கொள்கிறேன். பத்திரத்தில் உண்மையை எழுதச் சொல்லி ஊராரோடு சண்டை பிடிக்கிறவள் நான். பிறந்த வருடத்தைக் குறைத்துச் சொன்ன ஒருவரைக் கடையை விட்டு வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். அந்த வாயால்தான் இந்த 'ஓம்' வருகிறது.

போத்தல் அத்தானுடையது, அதாவது என் அக்காவின் கணவருடையது. ஓய்வுபெறும் வரை திரான்சியில் ஒரு போர்த்துக்கேயரின் கராஜில் மெக்கானிக்காக இருந்தவர். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் நாலாம் மாடியில் அக்காவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. அவரைப் பற்றி எங்கள் சனத்திடம் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு நல்ல மனுசன் என்பார்கள். சிரிப்பதற்குக் காரணம் அவருடைய சரிபார்ப்பு. வீட்டைப் பூட்டினால் கைப்பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பஸ் தரிப்பு வரை போனவர் திரும்பி நாலு மாடி ஏறி வந்து காஸ் அடுப்பைப் பார்ப்பார். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியபின், உள்ளே போனது சரியான கடிதம்தானா என்று பிரித்துப் பார்ப்பார். அதனால் ஒரு கடிதத்துக்கு இரண்டு உறை வாங்குவார். கல்யாண வீடுகளுக்கு இவர்கள் போய்ச் சேரும்போது பந்தியில் பாயாசம்தான் மிச்சம் இருக்கும். அப்படி அவர் திரும்பி வந்து அடுப்பைப் பார்க்கும் நேரங்களில் அக்கா குசினி வாசலில் நின்று ஒரே வசனத்தைச் சொல்வார்: "உந்தப் பார்வையை அண்டைக்குப் பாத்திருக்கலாம்." குரலை உயர்த்தமாட்டார். அத்தான் அடுப்புக் குமிழை இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார். நானும் எத்தனையோ தரம் அந்தக் குசினியில் இருந்திருக்கிறேன், என் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டது போலப் பார்த்துக்கொண்டு.

அத்தான் ஓய்வுபெறச் சில வருடங்களுக்கு முன், அந்தக் கராஜின் பின்வளவில் ஒரு அமெரிக்கக் கார் வந்து கிடந்தது. அறுபதுகளின் கடைசியில் வேகத்துக்கென்றே செய்த மசில் கார். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர். வைத்திருந்தவர் இறந்துபோக, பிள்ளைகள் அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். தளமெல்லாம் துரு, இருக்கைக்குள் எலி. முதலாளி பழைய இரும்புக்குப் போடச் சொன்னதை அத்தான் கேட்டு எடுத்து, பக்கத்துத் தெருவில் பொக்ஸ் என்கிற ஒரு வாடகைக் கார் கொட்டிலுக்குள் விட்டு, ஒன்பது வருடம் திருத்தினார். லா சப்பல் தேத்தண்ணிக் கடையில் அது நல்ல பகிடியாக ஓடியது. "மண்ணெண்ணெயில கார் ஓட்டின மனுசனுக்கு இப்ப எட்டுச் சிலிண்டர் கேக்குது!" அக்கா ஒருநாளும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது, "ஏன் அத்தான் உந்தச் சனியனோடை மாரடிக்கிறியள்?" என்று கேட்டேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "என்ரை கையை நான் நம்பலாமோ எண்டு பாக்கிறன், பிள்ளை" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் காருக்கு அடியில் லைற்றைப் பிடித்து எனக்கு அந்தப் பொட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு நட்டிலும் பெயின்ற்றால் மூன்று சின்னப் பொட்டு. இறுக்கிய அன்று மஞ்சள். அடுத்தநாள் திரும்ப இறுக்கிப் பார்த்து வெள்ளை. ஒரு கிழமை கழித்து மூன்றாம் தரம் பார்த்துச் சிவப்பு. யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் நூற்றுக்கணக்கில் பொட்டுகள். மேலே கரும்பச்சை நிறத்தில் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது கார். எல்லோரும் அந்த மினுக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். எனக்குக் கண்ணில் நின்றது பொட்டுகள். கொண்டுபோன சாப்பாட்டை அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நிற்காமல் வந்துவிட்டேன்.

இந்த வருடம் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. இனிக் கார் ஓட்டவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விற்பனை விளம்பரம் எழுத என் கடைக்கு வந்தார். மைத்துனி கடை என்று முந்தாமல், வரிசையில் நின்று முறை வந்தபின்தான் கதிரையில் இருந்தார். "எழுது பிள்ளை. முதல்லை பிழையளை எழுது." மணிக்கூடு ஓடாது. இடப்பக்கக் கண்ணாடி இறங்கப் பஞ்சிப்படும், கையால் தள்ளவேண்டும். பின் இருக்கைத் தோல் பழையது இல்லை, புதிதாகத் தைத்தது. டிக்கி ஓரத்தில் நகம் அளவு துரு. "அத்தான், பொம்பிளை பாக்க வாறவைக்கு முதல்லை சொத்தைப் பல்லையோ காட்டுறது?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாகனத்திலை ஒண்டையும் ஒளிக்கக்கூடாது. ஒளிச்சால் அதிலை ஏறிப் போறவைதான் அனுபவிக்கிறது" என்றார். என்னைக் குத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு ஆழமாகக் குத்தியது. பிழைகளை முதலில் எழுதினேன், அவர் சொன்ன ஒழுங்கிலேயே. என்னுடையதை மட்டும் எழுதவில்லை.

என்னுடைய பிழை இதுதான். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத போர்க்காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றுவிட்டாலும் அப்படித்தான். அத்தானிடம் ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி கார் இருந்தது. வீட்டுக் கொட்டிலில் ஒரு போத்தல் பெற்றோல் வைத்திருப்பார், காலையில் ஸ்ராட் செய்ய. காருக்குள்ளே, இருமல் மருந்துப் போத்தலில் இன்னும் கொஞ்சம், வழியில் நின்றால் விடுவதற்கு. அந்தச் சின்னப் போத்தலை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

எனக்கு இருபத்தொரு வயது. ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பிக்கும் வேலைக்கு நேர்முகம் இருந்தது. அதற்கென்று அக்காவிடம் இரவல் வாங்கிய இளநீலச் சேலையைக் கட்டிப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் சிநேகிதி வீட்டுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கீழ்க்கரையில் செயின் கிறீஸ். சவர்க்காரத்துக்குப் போகவில்லை. பெற்றோலுக்குப் போகும் என்று யாருக்குத்தான் தெரியாது? அத்தான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் காருக்குள் இருந்த போத்தலை எடுத்து, துணியில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். கறை போய்விட்டது, போத்தலும் முடிந்துவிட்டது. எடுத்தது தெரியக்கூடாது என்று மண்ணெண்ணெய்க் கானைச் சரித்து அதே அளவுக்கு நிரப்பி, அதே இடத்தில் வைத்தேன். வேலை கிடைத்தபின் சொல்லி ஏச்சு வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் அது எனக்கு அன்று பட்டது.

மறுநாள் காலை அக்காவுக்கு வலி வந்தது. தலைப்பிள்ளை. வீட்டில் கார் ஒழுங்காக ஸ்ராட் ஆனது. பாதி வழியில் ஒரு உடைந்த மதகடியில் வேகத்தைக் குறைக்க நின்றுவிட்டது. அத்தான் போத்தலை எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டார். புகைதான் வந்தது. திரும்பவும் விட்டார். திரும்பவும் புகை. நான் பின் இருக்கையில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது மண்ணெண்ணெய், ஓடிப்போய் யாரிடமாவது பெற்றோல் கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் அக்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனோம். பெண்பிள்ளை. அழவே இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று தாதி சொன்னார். ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அத்தான் அந்தப் போத்தலை மணந்து பார்த்தார். கொட்டிலில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். "நான்தான் மண்ணெண்ணெயை மாறி விட்டிட்டன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நேர்முகத்துக்குப் போகவில்லை. சேலை கறையில்லாமல் பெட்டிக்குள் கிடந்தது. பிறகு அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. பாரிசுக்கு முதலில் வந்து, என்னையும் கூப்பிட்டு, எனக்குக் கல்யாணமும் செய்துவைத்தவர் அத்தான்தான். அவர் செய்த ஒவ்வொரு நல்லதும் என் தலையில் ஒரு குட்டாக விழுந்தது.

விளம்பரத்தைப் பார்த்து வடக்கே லீல் நகரப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற தீயணைப்புப் படைக்காரர். அத்தானின் பிரெஞ்சு கராஜுக்குப் போதுமான பிரெஞ்சு. பேச்சை மொழிபெயர்க்க நானும் பொக்ஸுக்குப் போனேன். வந்தவர் தரையில் படுத்து, லைற்றோடு காருக்கு அடியில் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் மாறியிருந்தது. தன் வாழ்நாளில் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்றார். ஒவ்வொரு நட்டிலும் மூன்று பொட்டு, ஒன்றுகூடத் தவறவில்லை. "இந்த மனிதர் எதற்கு இப்படிப் பயந்தார்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே முன் இருக்கைக்கு எதிரே இருந்த சாமான் தட்டின் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே இருமல் மருந்துப் போத்தல். பாரிசில் எந்த மூலையிலும் பெற்றோல் கிடைக்கும், என்றாலும் அத்தான் ஓட்டிய ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு போத்தல் இருந்தது. "இது என்ன?" என்றார் வந்தவர்.

"சொல்லு பிள்ளை" என்றார் அத்தான். "எங்கடை ஊரிலை பெற்றோல் இல்லாத நேரம், கார் வழியிலை நிண்டால் விடுறதுக்கு உப்பிடி ஒரு போத்தல் வைச்சிருக்கிறனாங்கள்." சொன்னேன். அத்தான் தொடர்ந்தார்: "ஒருக்கா நான் பெற்றோலுக்குப் பதிலாய் மண்ணெண்ணெயை விட்டு வைச்சிட்டன். எங்கடை பிள்ளை போயிட்டுது. அதுக்குப் பிறகு எதையும் மூண்டு தரம் பாக்கிறனான். அவர் கேட்டதுக்கு அதுதான் மறுமொழி."

மற்றவர்களின் வசனத்தை மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. 'நான்' என்று வந்ததை 'அவர்' என்று ஆக்கவேண்டும், அவ்வளவுதான். அவர் மாறி விட்டுவிட்டார் என்ற வசனம் எனக்கு வாயில் வரவில்லை. அந்தப் பிறத்தி மனிதரின் முகத்தைப் பார்த்து, பிரெஞ்சில், அவர் இல்லை, நான்தான் என்றேன். ஒரு சேலைக் கறைக்காகப் பெற்றோலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைத்தது நான், இவருக்கு இன்றுவரை தெரியாது என்றேன். தமிழில் என்றால் செத்தாலும் எனக்கு வந்திருக்காது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிரெஞ்சில் என்ன சொல் என்று அத்தானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் விளங்கிவிட்டது.

அத்தான் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். என்னைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் சரியாத்தான் விட்டு வைச்சிருக்கிறன்" என்றார். மறுபடியும், இன்னும் மெதுவாக, "சரியாத்தான் வைச்சிருக்கிறன்" என்றார். பிள்ளையைப் பறித்தேன் என்று மட்டும்தான் இத்தனை வருடமும் என்னை நானே சபித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசனிடமிருந்து அவருடைய கையையும் பறித்துக்கொண்டேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பொக்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வந்தவர் காரை வாங்கினார். அத்தான் போத்தலில் இருந்ததைக் காரின் பெற்றோல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலை என்னிடம் நீட்டினார். திறப்பை ஒருதரம் திருப்பியதுமே கார் பிடித்து, தெரு அதிரப் போய் மூலையில் திரும்பியது. அவர் பொக்ஸ் கதவை இறக்கிப் பூட்டினார். இழுத்துப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போது, "உன்ரை அக்காட்டை நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் நேரே அக்கா வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். பயந்தாங்கொள்ளி, கடைக்கு வந்து போத்தலைக் கழுவினேன்.

இது நடந்து இரண்டு கிழமை. இன்று மத்தியானம், கடை நிறையச் சனம் நிற்கும்போது, அக்கா ரெலிபோன் எடுத்தார். "அத்தானுக்கு என்னவோ நடந்திட்டுது, தங்கச்சி. கதவை ஒருக்காப் பூட்டிப்போட்டு இறங்கிப் போறார். அடுப்பைத் திரும்பிப் பாக்கிறேல்லை. நேற்றுக் கடிதம் போட ஒரு உறைதான் வாங்கினவர். மறதி வருத்தம் ஏதும் துவங்குதோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. உனக்கு ஏதும் தெரியுமோ?"

முன்னால் நின்ற பொடியன் தன் பத்திரத்தை என் பக்கம் தள்ளினான். நான் போத்தலை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"ஓம் அக்கா" என்றேன். "தெரியும்."