இடைக்கால ஐயரும் ஒரு ஞாயிறும்

எங்கள் சபைக்கு வந்த முதல் ஞாயிறே இடைக்கால ஐயர், தான் கிளம்பப்போகிற சேதியைத்தான் சொன்னார். பிரசங்க பீடத்தில் ஏறவில்லை. ஆல்டர் படிக்குக் கீழே, முதல் பெஞ்சுக்காரர்களின் கால் இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "நான் இங்க இருக்க வர்ல. போறதுக்குத்தான் வந்துகீறேன். அதுக்குள்ள நீங்க அடுத்த ஐயருக்கு ரெடியாவணும்" என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து வரிசையில் நைனாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் கோயிலின் மூப்பர்களில் ஒருவர். வாயை இறுக்க மூடி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லுத்தரன் சபைகளில் போதகரை நாங்கள் ஐயர் என்போம். வெளியார் கேட்டுக் குழம்பினால் அது அவர்கள் பாடு. ஓர் ஐயர் ஓய்வு பெற்று அடுத்தவர் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் கட்சி பிரியும், பாட்டுக்குழு உடையும், சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு முற்றிக் கைகலப்புவரை போகும். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு நாங்கள் உரிமை கொண்டாடிச் சண்டை போட மிஞ்சியது கோயில் ஒன்றுதான் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. அப்படிச் சண்டை முற்றாமல் இருக்கத்தான் திருச்சபையின் தலைமையிடம் ஆம்பூரிலிருந்து ஓய்வு பெற்ற இந்த ஐயரைப் பிடித்து அனுப்பியது. மனைவியை இழந்தவர். ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ்வோடு வந்து இறங்கினார். ஐயர் வீட்டில் முன்னறையில் மட்டும் புழங்கினார். உள்ளறைகளை வரப்போகிறவரின் குடும்பத்துக்கென்று பூட்டியே வைத்திருந்தார். ஆம்பூர்க்காரராக இருந்தும் பிரியாணி சாப்பிட மாட்டார் என்பதை எங்கள் ஜனங்கள் கடைசிவரை நம்பவில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவரைப் பெரிய ஐயர் என்போம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணம் செய்துவைத்தவர். ஓய்வு பெற்றதும் பேத்தமங்களாவில் வீடு கட்டிக்கொண்டு போனார். போனார் என்று பேர்தானே தவிர, யார் வீட்டில் ஜெபம், யார் வீட்டில் சாவு என்றாலும் ஸ்கூட்டரில் வந்து நின்றுவிடுவார். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இடைக்கால ஐயர் பேத்தமங்களாவுக்கே பஸ் ஏறிப் போய், புது ஐயர் வந்து வேர் பிடிக்கும் வரைக்கும் கோயில் பக்கம் வர வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். பெரிய ஐயர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டாராம். நைனாதான் ஒப்புக்கொள்ளவில்லை. பாலகாட் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து நைனா கீழே மாட்டிக்கொண்டபோது, ஷாஃப்ட் வாசலில் அம்மாவோடு விடிய விடிய நின்றவர் பெரிய ஐயர். ஆள் ஏற்றி இறக்கும் கூண்டில் தூக்கி வந்த நைனாவின் முகத்தை முதலில் துடைத்ததும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை வராதே என்று சொல்ல எங்கிருந்தோ ஒருத்தர் வந்துவிட்டார் என்று நைனா குமுறினார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்து, அதாவது ஐயர் கையால் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் ஆராதனை, இருக்கிற ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, அதில் பங்கு பெற விரும்புகிறவர்கள் ஐயரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். யார் மேலாவது மனஸ்தாபம் உண்டா என்று அவர் கேட்பார். உண்டென்றால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டத் தொடங்குவார்கள். நைனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இடைக்கால ஐயர் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் சனிக்கிழமையே, "உண்டு. உங்க மேலதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து திருவிருந்துக்கு மட்டுமல்ல, கோயிலுக்கே போகவில்லை. அவர் போகவில்லை என்று எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் பாதி வீடுகளும் போகவில்லை. ஞாயிறு காலையில் கோயில் மணி அடிக்கும்போது நைனா கூடத்தில் உட்கார்ந்து பாமாலையைத் தனியாகப் பாடுவார். சுரங்கத்துத் தூசி படிந்த நெஞ்சு அது; ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு இடத்தில் மூச்சு வாங்கும். அவருக்கு அந்தப் பந்தி எத்தனை பெரிய இழப்பு என்று அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இடைக்கால ஐயர் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்கு வாருங்கள் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்றும் கேட்கவில்லை. அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டு, சுரங்கத்தில் எந்த லெவலில் சூடு அதிகம், கூண்டு இறங்கும்போது காது அடைக்குமா என்று விசாரிப்பார். முதலில் நைனா டிவியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். பிறகு டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார். கடைசியில், ஐயர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டபோது, "இன்னா, இந்த வாரம் ஆளக் காணோம்?" என்று அம்மாவிடம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஐயர் ஆற்காட்டு மக்கன்பேடாவோடு திரும்பி வந்தார். சர்க்கரை வியாதியை மறந்து நைனா அதில் இரண்டைத் தின்றார்.

புது ஐயர் யார் என்று தெரிந்து, அவர் பொறுப்பேற்கும் ஞாயிறும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறுதான் இடைக்கால ஐயருக்குக் கடைசி. அதற்கு முன்தினம், சனிக்கிழமை மாலை, அவர் விடைபெற்றுப் போக வீட்டுக்கு வந்தார். நைனா சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஐயர் உட்கார்வதற்குள், "நாளைக்கு என் பேரையும் சேத்துக்குங்க. இப்ப எனக்கு யார் மேலயும் ஒண்ணுமில்ல" என்றார்.

ஐயரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கண்கூடக் கலங்கியது. அவர் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர், "நாளைக்கு வேணாங்க மூப்பரே. அடுத்த ஞாயிறு புது ஐயர் கையால வாங்குங்க. என் கையால வாங்கினீங்கன்னா அப்புறம் நானும் உங்களுக்குப் பெரிய ஐயர் ஆயிடுவேன். நீங்க அவருகிட்ட போனாத்தான் இந்த லைனே போவும்" என்றார்.

நைனா சிரித்தார். "எறங்குறவன் எறங்கினாத்தான் கூண்டுல அடுத்தவன் ஏறுவான். அதான சொல்றீங்க?" என்று கேட்டார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். தன் வேலை முழுசாக முடிந்துவிட்டது என்கிற நிம்மதியோடு ஐயர் படியிறங்கிப் போனார்.

அந்தக் கடைசி ஞாயிறு முடிந்து வந்த வியாழக்கிழமை காலையில் நைனாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறுக்காக அம்மா தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டோம்.

சேதி கேட்டு இடைக்கால ஐயர் ஆம்பூரிலிருந்து ரயிலில் பங்காருபேட்டை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சாமான் லாரியோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்த புது ஐயர், சின்ன வயசுக்காரர், அடக்க ஆராதனையை நீங்களே நடத்துங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். பேத்தமங்களாவிலிருந்து பெரிய ஐயரும் வந்திருந்தார். இரண்டு கிழவர்களும் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், அங்கி இல்லாமல், ஜனங்களோடு ஜனங்களாக நின்றார்கள். மண் போடும் முறை வந்தபோது பெரிய ஐயர் இவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு இவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய் ரசமும் தானே, அதைக் கொடுக்க என்ன சட்டம் வேண்டியிருந்தது என்று மனசுக்குள் கொதித்தேன்.

திருவிருந்து வாங்காததால் நைனா பரலோகம் போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படி எங்கள் சபை போதிப்பதும் இல்லை. ஆனால் அவர் பசியோடு போனார். இதில் வேடிக்கை என்னவென்றால், இடைக்கால ஐயர் நினைத்ததெல்லாம் நடந்தது. புது ஐயரிடம் போவதாக மூப்பரே வாக்குக் கொடுத்திருந்தார் என்று எங்கள் லைன் முழுவதும் அந்த ஞாயிறு கோயிலுக்கு வந்தது. கட்சி பிரியவில்லை. சண்டையில்லாமல் ஆள் மாறிய சபை என்று தலைமையிடத்தில் இன்றைக்கும் எங்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் புது ஐயருக்கும் மாற்றல் வந்துவிட்டது. மறுபடியும் இடைவெளி. நான் இன்று சபைக் கமிட்டியில் இருக்கிறேன். போன மாதம் யோசனை கேட்க ஆம்பூருக்குப் போனேன். மகள் வீட்டுக் கட்டிலில் அவர் பாதியாக இளைத்துக் கிடந்தார். உள்ளறைகளைப் பூட்டி வை, போகிற ஐயருக்கு நல்லபடியாக விடை கொடு, பாட்டுக்குழுவை இரண்டு பேரிடம் விடாதே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்க நைனாவுக்கு அன்னைக்குக் குடுத்திருக்கலாம் இல்லம்மா?" என்றார்.

இல்லை ஐயா, நீங்கள் செய்தது சரிதான் என்ற பதில் என் வாய்வரை வந்தது. அம்மா சாகும்வரை அவருக்கு அதைத்தான் சொல்லி அனுப்பினாள். பெரிய ஐயரும் அதைத்தான் சொன்னாராம். எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. "குடுத்திருக்கலாம் ஐயா" என்றேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் அடிபட்ட மாதிரி இல்லை. "எல்லாரும் பரவால்ல பரவால்லன்னே சொல்லிட்டாங்கம்மா" என்றார். என் கையைத் தேடிப் பிடித்தார். "இப்ப வர்றவருகிட்ட நீ மத்ததெல்லாம் சொல்லாட்டிப் போவுது. கேக்குறவங்களுக்குக் கேட்ட அன்னைக்கே குடுத்துடச் சொல்லு."