நைனாவுக்கு ஒன்றாகத் தெரிந்த வெள்ளி

கல்லூரியில் சேர்ந்த வருஷம், மூர் மார்க்கெட் பழைய சாமான் கடையில் வாங்கிய லென்சுகளைத் தகரக் குழாயில் பொருத்தி ஒரு தொலைநோக்கி செய்தேன். திருவொற்றியூர்க் குப்பத்தில், எங்கள் வீட்டுப் பின்புறம் வலை உலர்த்தும் கம்புகளில் அதைக் கட்டியிருந்தேன். நட்சத்திரத்தை எங்கள் குப்பத்தில் வெள்ளி என்போம். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு வெள்ளி தெரியும். குழாயில் நாற்பது வரை எண்ணி நோட்டில் குறித்தேன். எங்கள் குடும்பத்தில் நோட்டு வைத்திருந்த முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தை மறைக்கத் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு நாள், விளக்கு வைத்து இருட்டியபின், என் நைனாவோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகும் கூட்டாளிகள் இருவர் வந்தார்கள். கல்யாணத்தில் காட்டும் அருந்ததியும், அதை ஒட்டி நிற்கும் வசிட்டனும் வடக்கே ஏறியிருந்தன.

"வசிட்டன் ஒத்தை இல்ல மாமா, அதுவே ரெண்டு. பாருங்க" என்றேன்.

இருவரில் மூத்தவர் பார்த்தார். "ஆமாம்பா, ஒட்டிகினு கீது."

இளையவருக்கும் தெரிந்தது. பிறகு நைனா குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான் கீது."

இளையவர் சிரித்தார். "இன்னா மாப்ளே, உன் கொழா ஆளுக்கொரு கணக்கு சொல்லுது?"

எனக்குச் சுருக்கென்றது. "கொழா சரியாத்தான் கீது. நைனா கண்ணுதான் சரியில்ல." அதோடு விட்டிருக்கலாம். "கொழா இல்லாம வசிட்டன காட்டு நைனா, பார்க்கலாம்" என்றேன்.

அவர் விரல் தீப்பெட்டித் தொழிற்சாலையின் கூரை விளக்கில் போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பின்துடுப்பு பிடித்துத் திசை பார்ப்பவர் நைனாதான். இருட்டில் கிளம்பினால் வெள்ளிகளைப் பார்த்துத்தான் கட்டுமரத்தைச் செலுத்த வேண்டும். முன்னால் இருப்பவனிடம் அவர் "வெள்ளி எங்க நிக்குது, சொல்லு" என்று கேட்பாராம். தொழில் சொல்லித் தருகிறார் என்றே கூட்டாளிகள் நினைத்திருந்தார்கள். தகரக் குழாயின் மானத்துக்காக நான் அவர் கண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் மூத்தவர் வாசலில் வந்து நின்று, "இனிமே நீ கரையில வலைய பார்த்துக்க, அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நைனா என்னைத் திட்டவில்லை. நாலு நாள் கழித்து, நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளிங்க எது எந்தப் பக்கம் கீது, எத்தினின்னு மெதுவா சொல்லு. மறுபடி கேட்டாங்கன்னா சொல்லணுமில்ல."

சொன்னேன். தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். "சரிதானா?" என்றார். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றேன்.

பிறகு அவர் கரைக்குப் போய், கட்டுமரம் திரும்பும் வரை நின்றார். அவர்கள் மீனை இறக்கினார்கள், வலையை அவரிடம் கொடுத்தார்கள். வெள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.