பலகையில் வைத்த பலகாரம்

சென்ற டிசம்பரில் பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளமாக ஒரு மரப்பலகை. அதன்மேல் தட்டோ இலையோ எதுவும் இல்லாமல், நேராகவே சீஸ் துண்டுகள், திராட்சைக் கொத்து, உப்பு பிஸ்கட், பாதாம், காய்ந்த அத்திப்பழம் என்று கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். நான் மட்டும் குனிந்து பலகையின் ஓரத்தை மோந்து பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். தேக்கா என்று பார்த்தேனம்மா என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பலகையில் பலகாரத்தைக் கண்டால் எனக்கு முதலில் வேலை செய்வது மூக்குதான். கை அப்புறம்தான் போகும்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் போர்டிங் கிளார்க். கப்பல் வந்ததும் முதல் ஆளாக ஏறிப்போய்க் காகிதங்களில் கையெழுத்து வாங்குகிற உத்தியோகம். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். கட்டிப்போட்ட கப்பலிலேயே எனக்குத் தலை சுற்றும் என்பதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. நூலேணியில் ஏறும்போது எனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிடுவேன். இறங்கும்போது தெரியாதவர்களையும் கூப்பிடுவேன்.

அப்படி ஒரு டிசம்பரில் ஏறிய வெள்ளைக்காரக் கப்பலில்தான், கேப்டன் அறை மேசைமேல் அந்த மாதிரிப் பலகையை முதன்முதலாகப் பார்த்தேன். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அதுதான் போலிருக்கிறது. சோப்புத் துண்டு மாதிரி ஒன்றைக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னார் கேப்டன். எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டதும் அது சோப்பாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அதை விழுங்கியதற்கும் கப்பல் லேசாக அசைந்ததற்கும் சேர்த்து நான் கடலுக்குச் செலுத்திய காணிக்கையைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டாம்.

இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் என் நண்பன் லாசரிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸுக்குத் தட்டில் திங்க மாட்டான், பலகையில்தான் திங்கிறான், அதை அடுக்குகிற விதம் எனக்கு அத்துப்படி என்று. இதை நான் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் காற்றோடு போயிருக்கும். லாசருக்கு ரீத்தா என்று ஒரு தங்கை இருந்தாள். அதனால்தான் அவனிடம் சொன்னேன் என்பதையும் நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

ரீத்தாவின் அப்பா ஒரு தோணிக்குத் தண்டல். தோணி என்றால் சின்னப் படகில்லை. பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டுபோகிற மரக்கலம். அதன் தலைவரைத்தான் தண்டல் என்போம். அந்த மனிதருக்கு, கடலுக்குப் போகாத ஆம்பளை என்று ஒரு இனம் பூமியில் எதற்காக இருக்கிறது என்பதே விளங்காத விஷயம். ரீத்தாவின் அம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. ரீத்தாவுக்கும் பிடித்திருந்தது என்பதற்குக் கோயிலில் திருப்பலி நேரத்தில் திரும்பிப் பார்த்த சில ஆதாரங்கள் என்னிடம் இருந்தன. தண்டல் மட்டும், "கப்பல் ஆபீஸுங்கான், கடல்ல கால் நனைச்சிருக்கானா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திவிட்டார். கொழும்பில் கடை வைத்திருந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் வேறு வரிசையில் நின்றான். கிறிஸ்துமஸுக்குத் தண்டல் கரைக்கு வருவார், அன்று சாயங்காலம் வீட்டில் விருந்து, என்னை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தோணி ஏறிவிடுவார் என்று ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் லாசர் போய் வீட்டில் பலகைக் கதையை அவிழ்த்துவிட்டான். அவன் அம்மா, மாப்பிள்ளைப் பையன் வெள்ளைக்காரக் கப்பல் முறையில் பலகை கொண்டுவரப் போகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். வாயால் ஏறிய நூலேணியில் இறங்க வழி கிடையாது.

சீஸுக்கு எங்கே போவது? ஊரில் அதன் பெயரே தெரியாது. அதனால் வெள்ளைக்காரனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நம் சாமான்களை அடுக்குவதென்று முடிவுசெய்தேன். கூம்பு கூம்பாக முந்திரி மக்ரூன், உடன்குடி சில்லுக் கருப்பட்டி, அம்மா சுட்ட அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, காரச்சேவு, பிளம் கேக். எல்லாம் கிடைத்தது. கிடைக்காதது பலகை. எங்கள் வீட்டில் இருந்தவை உட்காருகிற பலகைகள். யார் யாரோ எந்தக் காலத்திலிருந்தோ உட்கார்ந்தவை. அதில் கேக்கை வைக்க எனக்கே மனம் வரவில்லை. லாசர் தோணி கட்டுகிற கொட்டடிக்குப் போய், சுவரில் சாத்தியிருந்த ஒரு பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஆள் நீளத்துக்கு, இழைத்து வழுவழுவென்று, கண்ணாடி மாதிரி மினுங்கியது. கேப்டன் அறைப் பலகை அதற்கு முன்னால் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அது ஏன் மினுங்கியது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்கத் தோணிப் பலகைக்குச் சுறா எண்ணெயைக் காய்ச்சிப் பூசுவார்கள். அந்த எண்ணெயின் வாசனை உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் பாக்கியவான். ஆனால் ஒரு பக்கம் கருவாடு காய்கிற, மறுபக்கம் சங்கு அழுகுகிற தெருவில் பிறந்த மூக்குகளுக்கு அது வாசனையே இல்லை, வெறும் காற்று. முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் மக்ரூனால் ஒரு நட்சத்திரம் போட்டு, சலவை வேட்டியால் மூடி, நடுச்சாமப் பூசைக்குப் போய் நிம்மதியாகப் பாட்டெல்லாம் பாடிவிட்டு வந்தேன். வேட்டிக்குள்ளே சுறா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் சுப்பையா வாழ்த்துச் சொல்ல வந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஆற்றுத் தண்ணீரும் நெல்வயலும் வளர்த்த மூக்கு. முட்டை கலக்காததாகப் பார்த்து ஒரு சில்லுக் கருப்பட்டியை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். ரொம்ப மரியாதைப்பட்ட மனிதர், துப்பவில்லை. கண்ணில் நீர் வரக் கேட்டார்:

"வே, இந்தக் கருப்பட்டி எந்தக் கடல்ல பிடிச்சது?"

அவர் சொன்ன பிறகுதான் என் நாக்கும் விழித்தது. ஒரு மக்ரூனைக் கடித்தேன். சுறா. காரச்சேவு. காரமான சுறா. கேக்கை அம்மா வாயில் திணித்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். கேக்குதான் தெரிகிறது என்றாள் அம்மா. எங்கள் ஊர் நாக்கு அது. அவளை நம்பி என்ன செய்வது? ஊர்க் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பேக்கரிக்காரர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தட்டில் மாற்றி வைத்துக் கொண்டுபோகலாமே என்றார் சுப்பையா. பலகாரம் முழுக்க ஊறிப்போன பிறகு தங்கத்தட்டில் வைத்தால் மட்டும் சுறா செத்துவிடுமா?

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒரு புத்தியுள்ள மனிதன் செய்வானா என்று கேட்காதீர்கள். பலகாரத்தைப் பாயில் கொட்டிவிட்டுப் பலகையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன். புளியால் தேய்த்தேன். காப்பித்தூளைப் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் சட்டி நிறையக் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, பலகையையும் பலகாரத்தையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்திப் புகை போட்டேன். திறந்து பார்த்தபோது, சுறா பெரிய பூசைக்குப் போய்விட்டு வந்த மாதிரி மணந்தது. சுப்பையா, நாம் நாளைக்கு ஆபீஸில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

லாசர் வந்து நின்றான். அப்பா உட்கார்ந்தாயிற்று, கிளம்பு என்றான். மறுபடியும் அடுக்கினேன். அவசரத்தில் நட்சத்திரம் நண்டு மாதிரி வந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிப்போகிற மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு வயசாளி எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் தெருப் பூனைகள் ஒழுங்காகப் பவனி வருகின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவ்வளவு பக்தி.

விருந்துக்கு வந்திருந்தவர்கள் நல்லவர்கள். பலகையைப் பார்த்து ஆகா என்றார்கள். ஒரு வாய் கடித்ததும், கொல்லைப்பக்கம் ஏதோ ஜோலி இருப்பது ஒவ்வொருவருக்காக நினைவுக்கு வந்தது. ஒரு டீச்சரம்மா மக்ரூனைக் கைக்குட்டையில் பொதிந்து, பிள்ளைக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்ததோ. ரீத்தா உள்நடைக் கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

தண்டல் மட்டும் பேசாமல் தின்றுகொண்டிருந்தார். ஒரு மக்ரூன். நிதானமாக இன்னொன்று. அப்புறம் முந்திரிக்கொத்து. நாற்காலியைப் பலகைப் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தின்ன ஆரம்பித்தார். கொழும்புக்காரனுக்கு மோதிரம் செய்யச் சொல்வதற்கு முன் பசியாறிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ரீத்தாவின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் சுட்டுப் போட்டா ஒண்ணைக் கடிச்சிட்டு எந்திரிப்பிய. இதுல அப்படி என்ன கண்டிய?"

தண்டல் விரலை நக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத வியாதியை டாக்டரிடம் சொல்கிற குரலில் சொன்னார்.

"தோணியில பொங்குத சோறு இப்படித்தான் மணக்கும். குடிக்கத் தண்ணியும் இதே மணந்தான். அதுலயே பழகிட்டு, கரைக்கு வந்தா ஒண்ணும் நாக்குல ஒட்டமாட்டேங்கு. நீ என்னத்தையெல்லாமோ போட்டு ஆக்குத. மனசு கஷ்டப்படுமேன்னு சொன்னதில்ல. இன்னைக்குத்தான் வீட்டுல வயிறாரத் திங்கேன்."

சொல்லிக்கொண்டே கையை வைத்த இடம் காலியாக இருந்தது. பலகை தெரிந்தது. அதன் ஓரத்தில் மூன்று கீறல் அடையாளம் போட்டிருந்தது. குனிந்து பார்த்தார். மீதிப் பலகாரத்தைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு இன்னும் குனிந்தார்.

"ஏலே, இது நம்ம தோணிக்கு அறுத்து வச்சிருந்த பலகையில்லா? இதைக் காணலைன்னு ஓடாவி காலையிலிருந்து அங்கன கெடந்து ஏசுதானே."

ஓடாவி என்பது தோணி கட்டுகிற தச்சர். திரும்பிப் பார்த்தேன், லாசர் இருந்த இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கப்பலில் வருகிற அதே தலைச்சுற்றல், அசையாத தரையில் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். தண்டல் என் முகத்தைப் பார்த்தார். அவர் பார்க்காத கடல்நோயா? மெல்ல அவர் வயிறு குலுங்க ஆரம்பித்து, நாற்காலி குலுங்கி, கடைசியில் வீடே சிரித்தது. கொல்லைப்பக்கம் ஜோலியாகப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரீத்தாவின் அம்மா, இந்தச் சம்பந்தத்துக்கு என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"இவன் கடலுக்கு வரமாட்டான். பாத்தாலே தெரியுது. ஆனா கடலைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாம்லா. பெறகென்ன."

மறுநாள் காலையில் பலகையைக் கொட்டடிக்குச் சுமந்தவன் நான்தான். கருப்பட்டிப் பாகு ஊறியிருந்ததால் எறும்பு கூடவே வந்தது. ஓடாவி அதைத் தோணியில் பதிக்கும்போது ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு கடி வாங்கி, ஒவ்வொரு கடிக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னார். பாஸ்கு, அதாவது ஈஸ்டர் கழிந்து எங்களுக்குக் கல்யாணம். அன்றைக்கு ஏன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய் என்று பிற்பாடு ரீத்தாவிடம் கேட்டேன். நாங்கள் தெருமுனை திரும்பும்போதே, அப்பா தோணியிலிருந்து வரும்போது வருகிற மணம் அவளுக்கு வந்துவிட்டதாம். "அப்பாதான் நடுவீட்டுல இருக்காவளே, பெறகு யாரு ரெண்டாவது தடவ வாரான்னு பாத்தேன்" என்றாள்.

அந்தப் பலகை எங்கெல்லாம் போயிற்றோ. தோணிகளுக்கு எஞ்சின் வந்தது, பாய் போயிற்று. எண்ணெய் பூசிய இடத்தில் பெயின்ட் வந்தது. கொட்டடி லாரி நிற்கிற இடமானது. மாமாவாகிவிட்ட தண்டல் கரையேறி எங்களோடு வந்து இருந்தார். எதை வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. ரீத்தா அடுப்படியில் போய் நின்றுகொள்வாள்.

அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரு கரண்டி சுறா எண்ணெய் கிடைக்குமா என்று ஊரெல்லாம் அலைந்தேன். கருவாட்டுக் கடையில் சிரித்தார்கள். துறைமுகத்தில் எதற்கு என்று கேட்டார்கள். சொன்னால் புரியுமா? கடைசியில் யாரோ சொன்னார்களென்று ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் மலர்ந்த முகத்தோடு ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் குளிகைகள். மீன் எண்ணெய்தான், சுத்தமானது என்றார். நான் மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எனக்குத் தைரியம் சொன்னார்.

"பயப்படாம வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி. துளிகூட மணம் வராது."